எந்தக் கடப்பையும் தாண்டிப் போவதில்லை

மருதமுனை
09.01.2025, வியாழன்

அன்புத் தம்பி காலிதீனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்தவர்கள்: நான், சமையலுக்குப் பொறுப்பான உம்மு மாமி, ரியூசன் படிப்பிக்கும் றுமைஸா, பாண்டிருப்பிலிருந்து ஸ்கூட்டியில் வந்த தர்சினி. ஐந்தாவது ஆளாக, றுமைஸாவின் போனுக்குள் நான். ஓம், நானேதான்.

உனக்குத் தனியாகப் போனில் குரல் பதிந்து அனுப்பிய கதையை எடுத்து, பின்னால் வயலினை அழவிட்டு, உங்கள் லண்டன் அமைப்பின் குறூப்பில் போட்டிருக்கிறாய். உம்மு மாமி காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "என்னகா றாஹிலா, நீ மௌத்தாகிட்டியா? உன்ட கதைக்குப் பின்னால ஆரு இப்பிடி அழுகிற?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. இனி உனக்குக் குரல் வராது, கடிதம்தான் வரும். கடிதத்துக்கு வயலின் வைக்க ஏலாது. நீயும் கடிதத்திலேயே பதில் எழுது.

நம்முடைய வேலையை அமைப்புக்கு எழுதித் தரச் சொன்னாய். எழுதுகிறேன். ஒவ்வொரு வீட்டிலும் உலைக்கு அரிசி கழுவுமுன் ஒரு பிடி எடுத்து வேறு மண்முட்டியில் போடுவார்கள். சனிக்கிழமை நம் பிள்ளைகள் ஒவ்வொரு வீட்டு வாசல் கடப்படிக்கும் போய் அந்தப் பிடியரிசியை வாங்கி வருவார்கள். டயலிசிஸ் நடக்கிற நாட்களில் அதைச் சமைத்துப் பார்சல் கட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறோம். நோயாளிக்கு ஆஸ்பத்திரியில் சாப்பாடு உண்டு. விடியற்காலையிலிருந்து வெளியே வாங்குப் பலகையில் துணைக்கு இருப்பவருக்கு யார் கொடுப்பது? அவருக்குத்தான் நம் பார்சல். மாதாமாதம் நீ அனுப்பும் எண்ணெய்க் காசும் அதில்தான் சேர்கிறது. அல்லாஹ் அதை ஏற்றுக்கொள்ளட்டும்.

கேஸ் விலையும் மரக்கறி விலையும் ஏறிவிட்டன. உங்கள் அமைப்பு உதவினால் நல்லது. அஸ்னாவும் பிள்ளையும் சுகமா? வேலை எப்படிப் போகிறது? உன் மச்சானுக்கு முழங்கால் வலி, மற்றபடி சுகம்.

துஆவுடன்,
ராத்தா றாஹிலா


லண்டன்
30.01.2025

அன்பின் ராத்தாவுக்கு, வஅலைக்குமுஸ்ஸலாம்.

நாங்கள் நல்ல சுகம், அல்ஹம்துலில்லாஹ். பள்ளிக்கூடம் விட்ட பிறகு பேனையால் இவ்வளவு எழுதுவது இதுதான் முதல் தடவை. கை உளைகிறது.

வயலின் என் வேலை இல்லை, குறூப்பில் ஒருவர் போட்டது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அதைக் கேட்ட அன்றே பலர் காசு போட்டார்கள். கேஸ், எண்ணெய், மரக்கறி எல்லாவற்றையும் ஒரு வருடத்துக்கு அமைப்பு பொறுப்பெடுக்கும் என்று தலைவர் சொல்லிவிட்டார். பதிலுக்கு இரண்டு விஷயம் கேட்கிறார்: அரிசி தரும் வீடுகளின் பட்டியல், சோறு வாங்குகிறவர்களின் சில படங்கள். முகத்தைக் கண்டால்தான் இரக்கம் வருமாம்.

இன்னொன்று, ஏசாமல் கேளுங்கள். ஒன்றும் தராத வீட்டுக்கும் நீங்கள் வாராவாரம் ஆள் அனுப்புகிறீர்கள் என்று றுமைஸா சொன்னா. பிள்ளைகளுக்கு அது வீண் அலைச்சல். தருகிறவர்களை நன்றாகக் கவனித்தால்தான் உறவு நிலைக்கும். இங்கே அதற்கென்றே படிப்பு இருக்கிறது, ராத்தா.

மச்சானின் முழங்காலுக்கு ஒரு தைலம் அனுப்பப் பார்க்கிறேன்.

உங்கள் தம்பி,
காலிதீன்


மருதமுனை
18.02.2025

அன்புத் தம்பிக்கு, அல்லாஹ்வின் அருளால் உன் வீட்டில் எல்லாருக்கும் சுகம் உண்டாகட்டும்.

படம் தரமாட்டேன். முகத்தைக் கண்டால்தான் இரக்கம் வருமென்றால் உங்கள் தலைவர் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொள்ளட்டும். படம் இல்லாமல் தருவதானால் தரட்டும், பறக்கத்தாக இருக்கும்.

தராத வீட்டுக்கு ஏன் போகிறோம் என்று கேட்டாய். அரிசி வாங்க மட்டும் நாம் போவதில்லை, அதனால்தான் அங்கேயும் போகிறோம். நம் பிள்ளைகள் கடப்படியில் நின்று முதலில் கேட்பது சுகமா என்று. அரிசி பிறகு. ஒரு தெருவுக்கு எப்போதும் ஒரே பிள்ளைதான் போகும், மாற்றமாட்டேன். எந்த வீட்டில் காய்ச்சல், எந்த வீட்டில் பிள்ளைப்பேறு என்று அவளுக்குத் தெரியும். இந்த வாரம் இல்லை என்றால் "அதுக்கென்ன, வாற கிழமை பாப்பம்" என்று சொல்லி வருவாள். ஒரு வீட்டைத் தாண்டிப் போனால் அந்த வீடு விழுந்துவிட்டது என்று தெருவுக்கே சொன்ன மாதிரி.

இடியப்பம் விற்கும் மைமூனாவை உனக்குத் தெரியும்தானே, நமது பழைய வீட்டுக்குப் பின்வளவு. அவள் புருஷன் மீராசாஹிபுவுக்குச் சிறுநீரகம் பழுது. இப்போது அவனோடு ஆஸ்பத்திரிக்கு அலைகிறாள், இடியப்பம் இல்லை, அரிசியும் இல்லை. ஆனாலும் சனிக்கிழமை கடப்பைத் திறந்து ஒரு கொத்துக் கறிவேப்பிலையாவது தராமல் விடமாட்டாள். நான் அதையும் எழுதி வைக்கிறேன்.

தர்சினியைப் பார். அவள் அம்மாவுக்குத் துணையாக அந்த வாங்கில் இருந்து நம் பார்சலைச் சாப்பிட்டவள். அம்மா செத்த அடுத்த மாதம் ஸ்கூட்டியோடு வந்து, "அன்ரி, நான் என்ன செய்ய வேணும்?" என்று நின்றாள். இதற்கு உங்கள் படிப்பில் என்ன பெயர்?

மகளின் பிள்ளைப்பேற்றுக்கு ஒலுவிலுக்குப் போகிறேன். பிள்ளை பிறந்து நாற்பது நாள் முடிந்துதான் வருவேன். நோன்பு அங்கேதான். அதுவரை றுமைஸா பார்ப்பாள். எண்ணெயைப் பற்றி யோசிக்காதே, இருக்கிறது. உன் வேலையைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை.

வஸ்ஸலாம்,
ராத்தா


லண்டன்
31.03.2025

அன்பின் ராத்தாவுக்கு, பெருநாள் வாழ்த்துகள். தகப்பல்லாஹு மின்னா வமின்கும்.

பேரப்பிள்ளை பிறந்த செய்தி கிடைத்தது. மாஷா அல்லாஹ். தாயும் பிள்ளையும் சுகமாக இருக்கத் துஆச் செய்கிறோம்.

ஏசுவீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். நோன்பு மாதம் வீணாகப் போகக் கூடாது என்று நானும் றுமைஸாவும் போனிலேயே வேலையை ஒழுங்குபடுத்திவிட்டோம். இரண்டு மாதமாக அரிசி தராத வீடுகளைப் பட்டியலிலிருந்து கழித்துவிட்டோம். பிள்ளைகள் பாதி நேரத்தில் சுற்றி வந்துவிடுகிறார்கள், அரிசி குறையவில்லை. தந்த வீடுகளின் பெயர்களைத் தெருவாரியாக எழுதி, நன்றி என்று போட்டு, ஊர் குறூப்பிலும் விட்டோம். எல்லாரும் பூப் போட்டார்கள். படம் ஒன்றும் எடுக்கவில்லை, உங்கள் சொல்லைக் காப்பாற்றினேன். கேஸுக்கான முதல் காசும் வந்திருக்கும்.

தலைவருக்குச் சரியான சந்தோஷம். இதை என் பொறுப்பிலேயே விடலாம் என்கிறார்.

இனி உறையில் உள்ள புது விலாசத்துக்கு எழுதுங்கள். கொஞ்சக் காலத்துக்கு அஸ்னாவின் கூடப்பிறந்த நானா வீட்டில் இருக்கிறோம்.

ஏச்சை எதிர்பார்த்திருக்கும்,
தம்பி காலிதீன்


மருதமுனை
22.04.2025

தம்பிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் ஊருக்கு வந்துவிட்டேன். மகளும் பிள்ளையும் சுகம். உன் மச்சான் சுகம். சுகம் விசாரித்தாயிற்று, இனி ஏச்சு.

வந்த மறுநாள் தர்சினி வந்தாள். முகம் சரியில்லை. "அன்ரி, அந்த இடியப்பக்கார அக்கா பார்சல் எடுக்கிறாவில்ல. சாப்பிட்டாச்செண்டு சொல்லுறா. பிறகு பைப்படியில போய்த் தண்ணி குடிச்சிப்போட்டு வந்து இரிக்கிறா. ஒருநாள் இல்ல, ஒவ்வொரு நாளும் அப்படித்தான்."

நான் மைமூனாவின் வளவுக்குப் போனேன். தகரக் கடப்பு உள்ளால் பூட்டியிருந்தது. தட்டினேன்.

"ஆரு?"

"நான்தான், றாஹிலா. துற புள்ள."

"அரிசி இல்ல ராத்தா."

"அரிசிக்கு வரல்ல. மீராசாஹிபுக்கு எப்படி?"

"இரிக்காரு."

"கடப்பைத் துறந்து கதையன்."

அவள் திறக்கவில்லை. தகரத்துக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னாள்: "நோன்பு காலத்தில முட்டியோட இஞ்சதான் நிண்டன் ராத்தா. ஒரு பிடி சேத்து வெச்சிருந்த. பக்கத்து வீட்ட வாங்கினதுகள், எங்கட கடப்பைப் பாத்துப்போட்டு அங்கால போயிட்டுதுகள். மறுகா போன்ல பேர் வந்திச்சாம். இந்தத் தெருவில எல்லாரும் இருக்காங்களாம். குடுக்கிற ஆக்கள்ட பேர்ல நான் இல்லாட்டி, வாங்குற ஆக்கள்ட பேர்லயும் நான் இரிக்கமாட்டன். போயிட்டு வாங்க."

கேட்டாயா? அவள் முட்டியில் அன்று அரிசி இருந்தது. உங்கள் இரண்டு மாதக் கணக்குக்கு அது தெரியவில்லை.

றுமைஸாவை நான் ஏசவில்லை. அவள் சின்னவள், படித்தவன் சொன்னதைச் செய்தாள். உன்னைத்தான் ஏசுகிறேன். பசியோடு வாங்கில் இருக்கிற ஒருத்திக்குச் சோற்றைக் காட்டி, அதை எடுக்க ஏலாதபடி செய்துவிட்டாய். அந்தப் பட்டியலைக் குறூப்பிலிருந்து எடு. இன்றே எடு.

புது விலாசம் ஏன் என்று நீ எழுதவில்லை. நான் கேட்கிறேன்.

ராத்தா


லண்டன்
14.05.2025

அன்பின் ராத்தாவுக்கு, ஸலாம். எல்லாரும் சுகம்.

பட்டியலை எடுத்துவிட்டேன். மைமூனா ராத்தாவின் விஷயம் கவலைதான். ஆனால் ஒருவரின் ரோசத்துக்காக எல்லாருடைய சோற்றையும் நிறுத்தப் போகிறீர்களா? அவங்களுக்குத் தனியாக ஒரு தொகை அனுப்பினால் முடிந்தது.

தலைவர் முடிவாகச் சொல்லிவிட்டார். ஜூன் முடிவதற்குள் பெயரும் படமும் வராவிட்டால் அடுத்த காசு இல்லை. பிடிவாதம் பிடிக்காதீர்கள். இது எனக்கும் முக்கியம். ஏன் என்று கேட்காதீர்கள்.

காலிதீன்


மருதமுனை
12.06.2025, வியாழன்

தம்பிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். ஹஜ்ஜுப் பெருநாள் நல்லபடி கழிந்தது. உனக்கும் அப்படியே கழிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

இன்று விறாந்தையில் பழைய நாலு பேரும், தெருவுக்குப் போகும் பிள்ளைகளும் இருந்தோம். உன் கடிதத்தை நானே வாசித்தேன். "எனக்கும் முக்கியம்" என்ற வரியை மட்டும் வாசிக்கவில்லை. அது நமக்குள் இருக்கட்டும்.

உம்மு மாமி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "லண்டன்காரன் சோறு கேட்டாக் குடுக்கலாம். படத்த வெச்சி என்னகா செய்யப் போறான்? தொட்டுத் தின்னவா?"

றுமைஸாவுக்குப் பயம். "கேஸ் இல்லாம எப்படி மாமி?"

"கேஸ் வர முதல் உன்ட உம்மம்மா என்னத்திலகா ஆக்கின? போன்லயா?"

தர்சினி சிரித்துக்கொண்டே, பாண்டிருப்பில் தென்னமட்டையும் காய்ந்த பனங்கொட்டை ஊமலும் சும்மா கிடக்கிறது, பெரியப்பாவின் லாண்ட்மாஸ்டர் உழவு மெசினில் ஏற்றி வரலாம் என்றாள். புதிதாக அரிசி தரத் தொடங்கிய வீடுகள்கூட விறகும் தருகிறோம் என்கின்றன. முடிந்தது கதை.

ஆகையால் உங்கள் தலைவரிடம் சொல். பெயர் இல்லை, படம் இல்லை. அவர்கள் அனுப்பியதில் செலவு போக மிச்சத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவருக்கு என் ஸலாம். படம் கேட்காமல் எப்போது வந்தாலும் ஒரு தேத்தண்ணி உண்டு.

கழித்த வீடுகளுக்கெல்லாம் றுமைஸாவையே அனுப்பினேன், பை இல்லாமல். சுகம் மட்டும் விசாரித்து வரச் சொன்னேன். ஒரு வீட்டில், "என்ன, நாங்க மௌத்தாகிட்டம் எண்டு நினைச்சீங்களா?" என்று வளவு கூட்டுகிற வாரியலோடு வந்திருக்கிறார்கள். ஒரு வீட்டில் கட்டிப்பிடித்து அழுதிருக்கிறார்கள். றுமைஸாவும் அழுதழுது திரும்பி வந்து, "ராத்தா, நாளைக்கும் போறன்" என்றாள். பிள்ளை தேறிவிட்டாள்.

மைமூனாவின் கடப்பு இன்னும் பூட்டுத்தான். சனிக்கிழமை தவறாமல் தட்டுகிறேன். அவளுக்குத் தனியாகக் காசு அனுப்பும் கதையை இனி எடுக்காதே.

உன்னிடம் ஏன் என்று கேட்கவில்லை. நீயாக எழுது.

ராத்தா றாஹிலா


மருதமுனை
24.07.2025, வியாழன்

அன்புத் தம்பிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. போனும் எடுக்கிறாயில்லை. கோபமென்றால் கோபத்தை எழுது, வாசிப்பேன்.

ஒரு செய்தி. போன வாரம் செவ்வாயன்று தர்சினிக்குக் காய்ச்சல். பார்சல் பெட்டியை நானே ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். வாங்கில் மைமூனா. பக்கத்தில் போய் இருந்தேன். அவள் நகர்ந்தாள். நானும் நகர்ந்தேன். வாங்கு முடிந்துவிட்டது, இனி நகர இடமில்லை.

"புள்ள, எனக்கு ஆள் இல்ல," என்றேன். "கிழமையில மூணு நாள் நீ இஞ்சதான் இரிக்கா. பெட்டிய உன்னட்டத் தாறன். ஆருக்குப் பசி, ஆரு புதுசா வந்தது எண்டு என்னை விட உனக்குத்தான் தெரியும். பங்கு வை."

"என்னக் கழிச்சிப்போட்டுத்தானே பேர் போட்டீங்க?"

"ஓம், கழிச்ச. பிழை. இப்ப ஒருத்தர்ட பேரும் இல்ல."

"பங்கு வெச்சி மிஞ்சினத நான் திண்டா, அது வாங்கினதா, குடுத்ததா?"

"அத எழுத என்ட கொப்பியில இடமில்ல. அல்லாஹ்ட்ட கேள்."

அவள் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு எழும்பி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பெட்டியைத் திறந்தாள். முதலில் திருக்கோவிலிலிருந்து வந்த ஒரு தாய்க்குக் கொடுத்தாள். "இதில மீன் இல்ல அக்கா, செவ்வாய் விரதமெண்டாலும் பயப்படாமச் சாப்பிடுங்க" என்றாள். நான் எழும்பி வந்துவிட்டேன். அன்று அவள் சாப்பிட்டாளா என்று பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்றுதான் வந்தேன்.

சனிக்கிழமை கடப்பு திறந்திருந்தது.

பதில் எழுது. அஸ்னாவுக்கும் பிள்ளைக்கும் ஸலாம்.

ராத்தா


லண்டன்
27.08.2025

அன்பின் ராத்தாவுக்கு,

ஸலாம் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

ஜனவரியில் வேலை போய்விட்டது. நான் வேலை செய்த சரக்குக் களஞ்சியத்தை மூடிவிட்டார்கள். வாடகை கட்ட ஏலாமல்தான் அஸ்னாவின் நானா வீட்டுக்கு வந்தோம். அமைப்பில் சம்பளத்துக்கு ஒரு இணைப்பாளர் எடுக்கப் போவதாகத் தலைவர் சொன்னார். உங்கள் பிடியரிசியை ஒழுங்காக நடத்திக் காட்டினால் எனக்குத் தருவதாக. அதுதான் முக்கியம் என்று எழுதினேன். அந்த இடத்துக்கு வேறொருவரை எடுத்துவிட்டார்கள். நீங்கள் காரணமில்லை, அவர் தலைவரின் மருமகன்.

இப்போது சைக்கிளில் சாப்பாட்டுப் பை சுமந்து வீடுவீடாகக் கொடுக்கிறேன். கதவு திறந்து வாங்குகிறவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை.

பெப்ரவரியிலிருந்து எண்ணெய்க் காசு அனுப்பவில்லை. நீங்கள் ஒரு தரமும் கேட்கவில்லை. அதுதான் கூடுதலாகச் சுடுகிறது. இனியும் எப்போது அனுப்ப முடியும் என்று தெரியாது. என் பெயரைக் கழித்துவிடுங்கள், ராத்தா. எனக்காகக் கடிதத்துக்கு முத்திரை வாங்கி வீணாக்க வேண்டாம்.

காலிதீன்


மருதமுனை
16.09.2025

என் தம்பி காலிதீனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும் வறஹ்மதுல்லாஹி வபறகாத்துஹு.

உன் கடிதத்தை வேறு எவருக்கும் வாசித்துக் காட்டவில்லை. மச்சானுக்கு மட்டும் சொன்னேன். அவர் எழும்பி வுழூச் செய்துகொண்டு வந்து உனக்காக இரண்டு றக்அத் தொழுதார்.

கழிக்கமாட்டேன். என்ன நினைத்துக்கொண்டு அதை எழுதினாய்? ஊருக்குள் ஒரு வீட்டையும் கழிக்கக் கூடாது என்று லண்டனோடு சண்டை பிடித்தவள், என் உம்மாவின் வயிற்றில் பிறந்தவனைக் கழிப்பேனா? எண்ணெய் எங்கிருந்தோ வருகிறது. வராத நாளில் உம்மு மாமி தேங்காய்ப்பாலில் சமைக்கிறார், ருசி கூடுகிறது. அதை விடு.

வெட்கம் எதற்கு? சைக்கிளில் சோறு சுமக்கிறாய். நானும் ஓட்டோவில் சோறுதான் சுமக்கிறேன். தர்சினியும் அதுதான், இப்போது மைமூனாவும் அதுதான். வாங்குகிறவர் முகத்தைப் பார்க்காவிட்டால் போகட்டும், நீ ஸலாம் சொல்லிக் கொடு, சுகமா என்று கேள். கேட்கத் தெரிந்த வீட்டில் பிறந்தவன் நீ.

வேலை போனதை என்னிடம் மறைத்ததற்கு மட்டும் கோபம் இருக்கிறது. அதை நீ ஊருக்கு வரும் நாளில் நேரில் தீர்த்துக்கொள்கிறேன்.

மாதம் ஒரு கடிதம் வரும். முத்திரை என் காசு, அதில் உனக்குப் பேச்சில்லை. காசு கேட்டு எழுதமாட்டேன். நீ என்ன சாப்பிடுகிறாய், மழையில் சைக்கிள் ஓட்ட மழைக்கோட்டு இருக்கிறதா, பிள்ளை பள்ளிக்கூடம் போகிறாளா, அஸ்னா உன்னோடு முகம் கொடுத்துக் கதைக்கிறாளா, இந்த நாலுக்கும் ஒளிக்காமல் பதில் வேண்டும்.

சுணங்காமல் எழுது.

ராத்தா